சந்தனத்துக்கு அடியில் இருந்த நம்பர்

கதவைப் பூட்டிக்கொண்டு பாதித் தெரு போன பிறகு, ‘கேஸை அணைத்தோமா?’ என்று திரும்பி ஓடி வருகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? வெட்கப்படாமல் கை தூக்குங்கள். நான் மூன்று தடவை திரும்புவேன். வீட்டுக்காரர் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யவே மாட்டார், வாசலில் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். டாக்டர் இதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அறுபது வயதுக்கு மேல் மாத்திரை என்ன செய்துவிடும்? இது எனக்கு எப்போது பிடித்தது என்று எனக்கே தெரியும். நாலாம் வகுப்பு முடிந்த பெரிய லீவில், ஒரு டிராக்டரால் பிடித்தது.

போன வாரம் தம்பி மகன் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தான். பழைய டிராக்டரைப் பிரித்துத் துருவெடுத்துப் புதுசாகப் பெயிண்ட் அடித்து ஓட்டுவது இப்போது எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு ஒரு பைத்தியம். ஊரில் சும்மா கிடந்த எங்கள் டிராக்டரையும் இழுத்து வந்துவிட்டான். பானெட்டில் ஒரு சாண் அகலத்துக்குச் சுரண்டியிருந்தான். மேலே நீலம், அதற்கடியில் பச்சை, எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்பு. கூடவே அவன் குரல்: “அத்தே, நீலமும் பச்சையும் தொட்டா உதிருது. இந்தச் சிவப்பு மட்டும் உப்புத்தாளுக்கு அசையவே மாட்டேங்குது. ஆரு அடிச்சது, உனக்குத் தெரியுமா?”

அன்று நான் பதில் போடவில்லை. சரி, உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோட்டம் எல்லையில் இருக்கிற வேலந்தாவளத்துக்கு மேற்கே, கேரளத்துப் பக்கம். கிணற்றுமேட்டில் ஏறி நின்றால் தமிழ்நாட்டுத் தென்னந்தோப்பு தெரியும். அந்த வருஷம் அப்பா உழவு மாடு இரண்டையும் வேலந்தாவளம் சந்தையில் விற்றுவிட்டு, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து ஒரு கிழட்டு டிராக்டரை வாங்கி வந்தார். வெளிநாட்டு வண்டி. ஊர் வந்து சேர்வதற்குள் மூன்று இடத்தில் நின்றது. மாடு நின்ற கட்டுத்தரையில் அதைக் கொண்டுபோய் நிறுத்தினார். அம்மா தீவனத் தொட்டியைப் பார்த்துப் பார்த்து அழுதாள்.

“ஏனுங்க, இது சாணி போடுமா, கன்னு போடுமா?” என்றாள்.

“எடவத்துல மழை எறங்கட்டும், அப்பப் பாரு. நாலு நாள் உழவ ஒரே பகல்ல ஓட்டிக் காட்டறேன்,” என்றார் அப்பா. எடவம் என்றால் மலையாளக் கணக்கில் வைகாசி.

ஆனால் ஓட்டுவதற்கு முன் ஒரு கண்டம் இருந்தது. தமிழ்நாட்டு நம்பரை மாற்றிக் கேரள நம்பர் வாங்க வேண்டும். அதற்குப் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்துச் சரி என்று எழுத வேண்டும். துருப்பிடித்த வண்டியைக் கொண்டுபோனால் அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார் என்று பெரியப்பா சொன்னார். பெரியப்பா சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. மழைக்கு முன்னால் நம்பர் வாங்கியாக வேண்டும். வாங்காவிட்டால் உழ மாடும் இல்லை, வண்டியும் இல்லை, வயல் அப்படியே கிடக்கும். சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அப்பா இதையேதான் பேசினார்.

அதனால்தான் பெயிண்டர் வந்தார். இடுக்கியில் சக்குபள்ளம் பக்கத்துக்காரர். அங்கே ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர்களில் மிஷினுக்கும் எஸ்டேட் ஜீப்புக்கும் பெயிண்ட் அடிப்பவர். கோடையில் ஏலக்காய் ஸ்டோர்கள் மூடிக் கிடக்கும், மலையில் வேலை இருக்காது. அதனால் கீழே இறங்கி, எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் டிராக்டரும் மோட்டாரும் அடித்துக் கொடுத்துவிட்டு, மழைக்கு முன் மலை ஏறிவிடுவார். ஒல்லியான ஆள். இடது கைக் கட்டைவிரல் நகம் எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். கம்ப்ரஸரை மாட்டுவண்டியில் ஏற்றி வந்தார். ஸ்பிரே கன்னை மட்டும் பழைய வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பித்தளைக் குடுவை வைத்த கன். அதை யாரும் தொடக் கூடாது.

எனக்கு லீவு. சும்மா இருக்க மாட்டேன் என்று அடம் பிடித்து வேலை வாங்கிக்கொண்டேன். சீமெண்ணெய்த் துணியால் கிரீஸ் துடைப்பது, தண்ணீர் ஊற்றி உப்புத்தாள் தேய்ப்பது. விரல் நுனியெல்லாம் தோல் போய்ச் சோறு பிசைந்தால் எரியும். இருந்தாலும் விட மாட்டேன்.

“பாப்பா, ஒரு எடத்துலயே போட்டுத் தேய்க்காத. இரும்பு அழுதுரும்,” என்பார் பெயிண்டர்.

மூன்றாம் நாள் வண்டிக்கு அடியில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தேன். இடது கால் வைக்கிற மிதிபலகைக்கு மேலே, கிளட்ச் பெட்டியின் ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொருக்கு. சந்தனம், குங்குமம், அதன்மேல் எண்ணெய், தூசி, மறுபடி சந்தனம். பொள்ளாச்சிக்காரர் வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் அதே இடத்தில் பொட்டு வைத்து வைத்து அது கல்லாகியிருந்தது. உடைந்த பிளேடால் நெம்பினேன். ஒரு சில்லு பெயர்ந்து கையில் வந்தது. அடியில் இரும்பில் வெட்டினதுபோல ஒரு இங்கிலீஷ் எழுத்தும் ஒரு ஏழும் இருந்தன.

எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுவிட்டது. சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் வளர்ந்திருந்தால் உங்களுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும். அதற்கு முந்தின வருஷம் பக்கத்துத் தோட்டத்து வாசற்படிக்கு அடியில் ஒரு செப்புத் தகடு கிடைத்தது. கட்டம் போட்டு, எழுத்தும் எண்ணும் கீறின தகடு. செய்வினை என்றார்கள். அதை எடுக்கக் கொல்லங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு மந்திரவாதி வந்தார். கண்ட பெண்ணுக்கு மூன்று நாள் காய்ச்சல். தகட்டைப் பார்க்கக் கூடாது, பார்த்தாலும் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் வீட்டு ஆம்பிளைக்கு ஆகாது என்று எங்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள். சந்தனத்துக்கும் குங்குமத்துக்கும் அடியில் ஒளித்து வைத்த எழுத்து வேறு என்னவாக இருக்கும்?

அந்நேரம் பார்த்து அம்மா மோர்ச் சொம்போடு வந்தாள். என் கையிலிருந்த சந்தனச் சில்லைப் பார்த்ததும் சொம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

“அட கெரகமே! சாமி இருக்கற எடத்தையா அம்மிணி சொரண்டறே? கன்னத்துல போட்டுக்க. அத அப்படியே உடு, மேலயே பெயிண்டு அடிச்சுக்கட்டும்.”

அவள் எழுத்தைப் பார்க்கவில்லை. நான் சொல்லவில்லை. சொல்லக் கூடாதே!

அன்று பொழுது சாய்வதற்குள் அப்பா வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்தார். முன்னால் இரும்புக் கைப்பிடி செருகிச் சுற்ற வேண்டும். கைப்பிடி எதிர்த்து அடித்தது. அப்பா ஐயோ என்று உட்கார்ந்தார். வலது மணிக்கட்டு எலும்பு விரிந்துவிட்டது. உளுந்து மாவும் முட்டையும் பூசி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார்கள். நான் எழுத்தைப் பார்த்தேன், அப்பாவுக்கு ஆகவில்லை. அவ்வளவுதான் கணக்கு.

மறுநாள் மதியம் பெயிண்டர் சாப்பிட உட்கார்ந்த நேரம். முந்தின நாளே வண்டி முழுவதும் பள்ளம் இருந்த இடத்தில் பட்டி பார்த்திருந்தார், மிச்சம் டப்பாவில் இருந்தது. விரலால் வழித்துப் போய், நான் பெயர்த்த இடத்தை அடைத்தேன். அதோடு நிற்காமல் சந்தனப் பொருக்கு முழுவதையும் மூடினேன். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். இத்தனை வருஷத்தில் அவ்வளவு சுத்தமாக நான் ஒரு வேலை செய்ததில்லை. பக்கத்து இரும்புக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. பெயிண்டர் வந்து பிரைமர் அடித்தார், அதன்மேல் சிவப்பு அடித்தார். ஊரில் பம்புசெட் ஓடினால் கரண்ட் இழுக்காது என்று, விடிந்ததும் கம்ப்ரஸரைப் போட்டு எட்டு மணிக்குள் ஒரு கை அடித்து முடிப்பார். தின்னர் வாசம் கிணற்றுமேடு வரைக்கும் வரும். அப்பா ஒற்றைக் கையோடு நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். அம்மாகூட, “கல்யாணப் பொண்ணாட்ட இருக்குதுங்க,” என்றாள்.

நானோ அரை மணிக்கொரு தரம் போய், குனிந்து, அந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பேன். மூடித்தான் இருக்கிறதா? மூடித்தான் இருக்கிறது. பத்து எட்டு வைப்பேன். சரியாகப் பார்த்தேனா? திரும்பி ஓடுவேன். இன்று கேஸ் அடுப்புக்கு ஓடுவதும் அதே ஓட்டந்தான்.

இன்ஸ்பெக்டர் கேம்ப் வருகிற மைதானத்துக்குப் பெரியப்பாதான் வண்டியை ஓட்டினார். ஒரு மட்கார்டில் அப்பா, இன்னொன்றில் நான். பெயிண்டரும் கூட வந்தார், எங்காவது கீறல் விழுந்தால் தொட்டுவிடுவதற்கு. இன்ஸ்பெக்டர் மலையாளி, நல்ல மனுஷன். வண்டியைச் சுற்றி வந்து, நல்ல பெயிண்ட் என்று தலையாட்டினார். பிறகு குனிந்தார்.

“சேஸி நம்பர் எவிடெ?”

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை நீட்டினார். புத்தகத்தில் இருக்கிறது, வண்டியில் எங்கே என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். வாங்கும்போது இவர்கள் புத்தகத்தைப் பார்த்தார்கள், இஞ்சின் சத்தத்தைக் கேட்டார்கள், டயரைத் தட்டினார்கள். நம்பர் எங்கே இருக்கிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் தெரிந்த இடமெல்லாம் தேடினார். சாவியால் இரண்டு இடத்தில் பெயிண்டைக் கீறினார். வெறும் இரும்பு. அவர் முகம் மாறியது. எல்லை ஊர், வண்டி இந்தப் பக்கம் வருவதும் அந்தப் பக்கம் போவதும் அவருக்குத் தெரியாததா? நம்பரைத் தேய்த்து அழித்த வண்டி என்றால் திருட்டு வண்டி. பத்து நாள் தந்தார். அதற்குள் நம்பரைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் வண்டியைப் போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்த வேண்டிவரும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா பெயிண்டர் பக்கம் திரும்பினார்.

“ஏம்ப்பா, நம்பரத் தேச்சுப்போட்டியா?”

“நான் எதுக்குய்யா தேய்க்கேன்?”

“எஸ்டேட்டுல திருட்டு வண்டி மாத்தற கூட்டத்தோட உனக்குப் பழக்கம் இருக்குதாமா. ஊருல பேசிக்கறாங்க.”

“யாருய்யா பேசுனது? என் பிள்ளை மேல சத்தியமாச் சொல்லுதேன். நம்பருங்கிறது பெயிண்ட்ல எழுதுறது இல்ல. அச்சு வச்சுச் சுத்தியலால இரும்புல அடிச்சிருப்பான். இங்கிலீஷ் எழுத்தும் எண்ணுமா இருக்கும். அதைத் தேய்ச்சா எடம் பள்ளமாத் தெரியும். நீங்களே பாருங்க, எங்கயாவது பள்ளம் இருக்கா?”

இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும்.

நான் கட்டுத்தரைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது தகடு இல்லை. அவர்கள் தேடுவது அதைத்தான். இரண்டு எட்டு வைத்து விரலால் தொட்டுக் காட்டியிருந்தால் முடிந்தது. ஆனால் பெரியப்பா கத்திக்கொண்டிருந்தார், அப்பாவின் கண் சிவந்திருந்தது. கொல்லைப் பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்தபோது அப்பா பெயிண்டரின் ஸ்பிரே கன்னைக் கையில் வைத்திருந்தார்.

“நம்பர் கெடைக்கற வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும்,” என்றார்.

“ஐயா, அதுதான்யா என் சோறு.”

“எங்களுக்கும் இதுதாம்ப்பா சோறு,” என்று டிராக்டரைக் காட்டினார் அப்பா.

மறுநாள் காலையில் பெயிண்டர் பஸ் ஏறப் போய்விட்டார். கம்ப்ரஸர் வாடகைக்கு எடுத்தது, அதை மட்டும் வண்டியில் ஏற்றிவிட்டார்.

அன்றே துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அம்மாவிடம் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். அம்மா என்னை அடிக்கவில்லை. ஈரத் துணியைக் கையில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“சொரண்டாதேன்னு நாந்தானே சொன்னேன்,” என்றாள் கடைசியில். “உன்ற பெரியப்பனுக்குத் தெரிஞ்சா என்னய உசுரோட வெக்க மாட்டாரு. பொம்பளை பேச்சுனால வந்த வெனைன்னு சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவாரு. நீ வாயத் தொறக்காத. நாம் பாத்துக்கறேன், வெசனப்படாத.”

அந்த வெள்ளிக்கிழமை அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டு, டிராக்டருக்கு முன்னால் விளக்கு வைத்தாள். “கனாவுல சாமி வந்து எடத்தக் காட்டுச்சுங்க,” என்று சொல்லி, தேங்காய் உடைத்து, கத்தி முனையால் நேராக அந்த இடத்தைச் சுரண்டினாள். பட்டி உதிர்ந்தது, சந்தனம் உதிர்ந்தது, சீமெண்ணெய்த் துணியால் துடைத்ததும் நம்பர் முழுசாகத் தெரிந்தது. அப்பா சின்னப் பிள்ளைபோல அழுதார். பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பிறகு நிமிர்ந்து, “பட்டியப் போட்டு மூடிட்டுப் போயிருக்கறான் பாரு, கூறுகெட்டவன். வேணும்னே கூடச் செஞ்சிருப்பான்,” என்றார். ஆமாம் என்றார் அப்பா. அம்மா என்னைப் பார்த்தாள். நான் கற்பூரத்தைப் பார்த்தேன்.

இன்ஸ்பெக்டருக்குக் கொடுக்க அந்த நம்பர்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்க வேண்டும். அப்பாவுக்குக் கை ஆகாது, பெரியப்பா தேய்த்தால் காகிதம் கிழிந்தது. என்னைத்தான் உட்கார வைத்தார்கள். ஐந்து காகிதத்தில் தேய்த்தேன். ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எண்ணாக வெள்ளையாக மேலே வந்தது. கேரள நம்பர் கிடைத்தது. எடவத்தில் மழை இறங்கியது. அதற்குள் கைக்கட்டைப் பிரித்துவிட்ட அப்பா, சொன்னபடி ஒரே பகலில் உழுதும் காட்டினார்.

எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. ஸ்பிரே கன் எங்கள் அட்டாலிப் பரணில் கிடந்தது. தின்னர் போட்டுக் கழுவாவிட்டால் பெயிண்ட் உள்ளே இறுகி, கன் செத்துப்போகும் என்று பெயிண்டர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். யாரும் இல்லாத நேரம் ஏறி எடுத்து, மிச்சமிருந்த தின்னரில் கழுவுவேன். தின்னர் தீர்ந்ததும் சீமெண்ணெய். கோழி இறகை விட்டு மூக்கைக் குடைவேன். கழுவின கன்னையே மறுநாளும் கழுவினேன்.

மழை பிடித்து ஒரு மாதம் இருக்கும், பெயிண்டர் வந்தார். குடை இல்லை. உரச் சாக்கை மடித்துத் தலையில் போட்டிருந்தார். நம்பர் கிடைத்த சேதி எப்படியோ மலைக்குப் போயிருந்தது.

அப்பா கன்னைக் கொடுத்துவிட்டு, “இனியாச்சும் கண்ணத் தொறந்து வேலை செய்யப்பா. பட்டியப் போட்டு மூடி வெச்சா நாங்க என்ன பாடுபடறது?” என்றார்.

“எங்கய்யா இருந்துச்சு?”

அப்பா இடத்தைக் காட்டினார். பெயிண்டர் குனிந்து பார்த்தார். ஓரத்தில் சந்தனத்தின்மேல் ஒட்டியிருந்த பட்டியைச் சிவப்பு நகத்தால் சுரண்டினார்.

“சந்தனத்து மேல நான் பட்டி போட மாட்டேன்யா. எந்தப் பெயிண்டரும் போட மாட்டான். இரும்பைக் கழுவிட்டுத்தான் போடுவோம்.”

“அப்பறம் ஆரு போட்டது, நானா?” என்று சிரித்தார் அப்பா. நம்பர் கிடைத்த சந்தோஷம் அவருக்கு இன்னும் தீரவில்லை.

பெயிண்டர் வேட்டித் துணியைப் பிரித்தார். கன்னின் விசையை அழுத்தினார். சுகமாக உள்ளே போய் வந்தது. குடுவையைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

“ஒரு மாசமா இதை யாருய்யா கழுவினது?”

“எங்க அம்மிணியாத்தான் இருக்கும். சீமெண்ணெயெல்லாம் எங்க போகுதுன்னு இவ ஆத்தா பொலம்பீட்டே இருந்தா.”

பெயிண்டர் என்னைப் பார்த்தார். கன்னைப் பார்த்தார். மறுபடி அந்தப் பட்டியைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் அது தெரிந்துவிட்டது. அம்மா என் தோளைப் பிடித்தாள். விரல் எலும்பு வரைக்கும் அழுத்தியது.

அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. போகவும் இல்லை. மழையில் வாசல் மூங்கில் படலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

“நாலு மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு பாப்பா,” என்றார். “இங்கதான் நிக்கேன்.”

அப்பா ஒன்றும் புரியாமல், “உள்ள வந்து நில்லப்பா, நனையறே,” என்றார்.

“இருக்கட்டும்யா.”

நான் உள்ளே ஓடினேன். நெல் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன். இப்போது போய்ச் சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று நூறு தடவை எழுந்திருப்பேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் நின்றுகொண்டிருப்பார். திரும்ப உட்காருவேன். கடைசியாக எழுந்து பார்த்தபோது படலுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எந்தத் தோட்டத்திலும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. பெரியப்பா சொன்னால் ஊரிலும் மறுபேச்சு கிடையாது.

அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அப்பா சாகிற வரைக்கும் சாமி காட்டின நம்பர் என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரிடம்கூடச் சொன்னார். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

நேற்று தம்பி மகனே கூப்பிட்டான்.

“அத்தே, மெசேஜப் பாத்துட்டுப் பதிலே போடல? சரி அத உடு. நம்பரு இருந்த எடத்துல மறுபடி பொட்டு வெச்சு வெச்சு மூடிக்கெடக்குது. ஆர்சி புக்கையும் காணோம். சொரண்டட்டுமா, வேண்டாமா?”

“சொரண்டு,” என்றேன். “நான் சொல்றேன், எழுதிக்க.” இங்கிலீஷ் எழுத்திலிருந்து கடைசி எண் வரைக்கும் மூச்சு விடாமல் சொன்னேன்.

அந்தப் பக்கம் சுரண்டுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அவன் கத்தினான். “அத்தே! ஒண்ணு மாறாம அப்படியே இருக்குது! அம்பது வருசத்துக்கு முந்துன நம்பரு, எப்படி ஞாபகம் வெச்சிருக்கறே?”

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“அப்பச் சிவப்பு அடிச்சவரையும் ஞாபகம் இருக்குமே. பானெட்டுக்கு உள்பக்கமா அவரு பேரையும் எழுதி வெக்கலாம்னு இருக்கறேன். இப்படி ஒரு வேலைய நான் பாத்ததே இல்ல. பேரு என்ன அத்தே?”

பெயிண்டர் என்றுதான் கூப்பிட்டோம். அப்பா, பெரியப்பா, அம்மா, நான், எல்லோரும். ஒரு மாதம் எங்கள் வாசலில் வேலை செய்தார், எங்கள் தட்டில் சாப்பிட்டார், ஒரு நாள்கூட யாரும் அவரிடம் பெயர் கேட்கவில்லை.

“அத்தே? லைன்ல இருக்கறியா? பேரு சொல்லு, எழுதிக்கறேன்.”